வெர்னாக் வாத்தியாரின் ஓட்டு

லியோன்ஸ் பார்யாக் பாரிஸ் ரயிலில் ஏறும்போதெல்லாம் வெர்னாக் நிலையத்தில் யாராவது ஓடிவந்து அவர் பெட்டியைத் தூக்கிக் கொடுப்பார்கள். பதினெட்டு வருடம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் அவர். 1946-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகும் ஊரில் யாரும் அவரை 'உறுப்பினர் ஐயா' என்று கூப்பிடவில்லை. "வாத்தியாரே" என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது.

வெர்னாக்கில் அரசாங்கப் புகையிலை ஆலை ஒன்று இருந்தது. நானூறு பேர் வேலை செய்தார்கள், அதில் முந்நூறு பேர் பெண்கள். அவர்கள் தெருவில் நடந்துபோனால் அரை நிமிடம் கழித்தும் புகையிலை வாசம் அங்கே நிற்கும். ஊரில் வேறு பிழைப்பு கிடையாது. கொஞ்சம் கஷ்கொட்டை மரம், கொஞ்சம் பன்றி வளர்ப்பு, அவ்வளவுதான்.

1949-ல் அந்த ஆலையை மூடப்போவதாகப் பேச்சு கிளம்பியது. வரவுசெலவுச் சட்டத்தில் ஒரு பிரிவாக அதை நுழைத்திருந்தார்கள். நவம்பர் மாதத்தில் ஒரு நாள் லியோன்ஸ் ஆலை வாசலில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினார்.

"அந்தப் பிரிவு ஓட்டுக்கு வந்தா, என் பேர் எதிர்ப்புப் பக்கம்தான் இருக்கும். எல்லார் பேரையும் அச்சுல போடுவாங்க. வாங்கிப் படிச்சுப் பாருங்க."

"படிக்கத்தான் நீங்க சொல்லிக் குடுத்திருக்கீங்களே வாத்தியாரே," என்றான் கஸ்தோன். இயந்திரம் பழுது பார்க்கிறவன், லியோன்ஸின் இளவயதுத் தோழன், தேர்தலில் அவருக்காக ஊர் ஊராக சைக்கிள் மிதித்தவன். "எனக்கு மட்டும்தான் ஏறல."

"உனக்கு ஏறாததுக்கு அவர் என்ன பண்ணுவாரு," என்றாள் பக்கத்தில் நின்ற அவன் மனைவி ஸெலி. அவள் சுருட்டுப் பிரிவில் வேலை செய்தாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். லியோன்ஸும் சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து இறங்கினார்.

டிசம்பரில் கஸ்தோன் இறந்துவிட்டான். நெஞ்சில் சளி கட்டி, நான்கே நாளில் போய்விட்டான். தந்தி வந்தபோது லியோன்ஸ் பாரிசில் இருந்தார். மறுநாள் ஆலையைப் பற்றிய ஓட்டு. அடக்கமும் மறுநாள்தான்.

அந்தக் காலத்து நாடாளுமன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் பேர் அச்சடித்த சீட்டுகள் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும். ஆதரவு என்றால் வெள்ளை, எதிர்ப்பு என்றால் நீலம். ஊருக்குப் போகிறவர் பெட்டியைக் கட்சிக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார், அவர் இவருக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார். ஒரே ஆள் நாற்பது பேருக்குப் போட்ட நாளெல்லாம் உண்டு. யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

லியோன்ஸ் தன் பெட்டியைத் துரேலிடம் கொடுத்தார். துரேல் நல்ல மனிதன், கொஞ்சம் தூக்கக்கலக்கமாகவே இருப்பவன்.

"நாளைக்கு முதல்ல நம்ம திருத்தம் வரும். ஆலையை மூடுற பிரிவை எடுத்துடணும்னு திருத்தம். அதுக்கு ஆதரவு. வெள்ளையைப் போடு," என்றார் லியோன்ஸ்.

"வெள்ளை."

"மறந்துடாத. வெள்ளை."

"அட போப்பா, நண்பனைப் புதைக்கப் போற. இங்க நான் இருக்கேன்ல."

லியோன்ஸ் வெர்னாக்கில் சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் சுமந்தார். மழை பெய்தது. ஸெலி அழவில்லை. கல்லறையிலிருந்து திரும்பும்போது, "ஓட்டு இன்னைக்குத்தானே? இங்க வந்துட்டியே," என்று மட்டும் கேட்டாள்.

"ஏற்பாடு பண்ணிட்டுத்தான் வந்தேன்."

அன்று பாரிசில் நடந்தது இது. திருத்தத்தை முதலில் எடுக்க நேரமில்லை என்று சபைத்தலைவர் வரிசையை மாற்றி, பிரிவையே நேராக ஓட்டுக்கு விட்டார். பேச்சைச் சரியாகக் கேட்காத துரேல், சொன்ன சொல் தவறாமல் லியோன்ஸின் பெட்டியிலிருந்து வெள்ளைச் சீட்டை எடுத்துப் போட்டான். ஆலையை மூடலாம் என்பதற்கு லியோன்ஸ் பார்யாக்கின் ஆதரவு பதிவானது. பிரிவு நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

அச்சான பட்டியல் இரண்டு நாளில் ஆலைக் கதவில் ஒட்டப்பட்டது. அவர் பெயரின் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

லியோன்ஸ் பாரிசுக்கு ஓடினார். துரேல் நாடாளுமன்றத் தாழ்வாரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"நீதான் வெள்ளைன்னு சொன்ன."

"சொன்னேன். திருத்தத்துக்குச் சொன்னேன்."

"எனக்குத் தெரியும். இப்பத்தான் தெரியுது. திருத்தி எழுதிக் குடு, நாளைக்குச் சபைப் பத்திரிகையில போடுவாங்க."

போட்டார்கள். 'ஆதரவாக வாக்களித்ததாகப் பதிவான திரு. பார்யாக், எதிர்த்து வாக்களிக்கவே விரும்பியதாகத் தெரிவிக்கிறார்.' இரண்டு வரி. அதனால் எண்ணிக்கை மாறாது, முடிவும் மாறாது. தினமும் நாலைந்து பேர் இப்படி அறிவிப்பது சபையில் சகஜம். தெரிந்தே ஓட்டுப் போட்டுவிட்டு, ஊருக்குப் பயந்து மறுநாள் திருத்திக்கொள்கிறவர்களும் அதே இரண்டு வரியைத்தான் போடுவார்கள். வெர்னாக்கில் எல்லாருக்கும் அது தெரியும்.

அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு லியோன்ஸ் ஆலை வாசலுக்குப் போனார். பெண்கள் வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அந்த இரண்டு வரியைப் படித்துக் காட்டினார். நின்று கேட்டவர்கள் பத்துப் பேர் இருக்கும்.

"விரும்பினாராம்," என்றாள் ஒருத்தி. "நான்கூடத்தான் மந்திரியைக் கல்யாணம் பண்ணிக்க விரும்பினேன்."

"என் ஓட்டு மாறியிருந்தாலும் மூடியிருப்பாங்கம்மா. நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசம்," என்றார் லியோன்ஸ்.

சொல்லி முடிக்கும் முன்பே தான் சொன்னது தப்பு என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்க ஓட்டு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னா, உங்களை எதுக்கு வாத்தியாரே அனுப்பினோம்?" என்று கேட்டாள் இன்னொருத்தி. கோபமாகக்கூட இல்லை, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். ஸெலி கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். திரும்பி வீட்டுப் பக்கம் நடந்துபோனாள்.

ஆலை மூடியது. 1951 தேர்தலில் லியோன்ஸ் தோற்றார். வெர்னாக்கில் மட்டும் எண்ணிப் பார்த்தால் ஐந்தாவது இடம். கட்சிக்காரர்கள் இரக்கப்பட்டு வெளியுறவு அமைச்சகத்தில் சொல்லி, பராகுவே நாட்டில் ஒரு ஆற்றுத்துறைக்குத் தூதரகப் பிரதிநிதியாக அனுப்பினார்கள். பெரிய பெயர், சின்ன வேலை. இரண்டு அறை, ஒரு கொடி, கரையான் அரித்த மேசை. அங்கே மாட்டுத்தோல் வாங்க வந்த பிரெஞ்சுக்காரர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளின் பிறப்பைப் பதிவு செய்தார், செத்தவர்களைப் புதைத்தார், பிரான்சின் தேசிய தினமான ஜூலை பதினான்காம் தேதி கொடி ஏற்றி வெதுவெதுப்பான ஒயின் ஊற்றிக் கொடுத்தார். ஒரு தோல் வியாபாரி அவரை "மேதகு" என்று கூப்பிட்டான். முதல் வருடம் அதைக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

மாதம் ஒரு கடிதம் ஸெலிக்கு எழுதினார். நடந்தது என்ன என்று முதல் கடிதத்தில் விளக்கினார். இரண்டாவதில் இன்னும் தெளிவாக விளக்கினார். சபை நடவடிக்கைக் குறிப்பை வரவழைத்து, வரிசை மாறிய பக்கத்தைக் கையாலேயே நகலெடுத்து அனுப்பினார். ஆறு வருடத்தில் எழுபது கடிதம் போயிருக்கும். ஒரு பதிலும் வரவில்லை. ஊரில் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'உங்களை நம்புகிறேன்' என்று சொன்னால் போதும் என்று நினைத்தார். அதற்காகத்தான் 1958-ல் ஊர் திரும்பினார்.

ஊர் சுருங்கிப் போயிருந்தது. ஆலைக் கட்டடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருந்தார்கள். ஆலைப் பெண்களில் பலர் லிமோழ் நகருக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டார்கள். ஸெலி இங்கேயே இருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவினாள். அவரைத் தெருவில் பார்த்தால் "நல்லா இருக்கியா" என்பாள். நிற்கமாட்டாள்.

மறு வருடம் மார்ச்சில் நகரசபைத் தேர்தல் வந்தது. இருபத்தொரு பேர் கொண்ட பட்டியலில் அவர் பெயரையும் கடைசியாகச் சேர்க்க எமிலியென் ஒத்துக்கொண்டான். பட்டியலின் தலைவன் அவன், அவருடைய பழைய மாணவன். "ஜனங்க மறந்திருப்பாங்க வாத்தியாரே," என்றான். அந்த மாதிரி ஊர்த் தேர்தலில் பட்டியலை அப்படியே மடித்துப் போடலாம். பிடிக்காத பெயரைப் பேனாவால் அடித்துவிட்டும் போடலாம்.

ஓட்டு எண்ணும்போது, எழுத்துத் தெளிவாகப் படிப்பார் என்று லியோன்ஸையே மேசையில் உட்கார வைத்தார்கள். சாயங்கால வெயில் நகரமன்றச் சன்னல் வழியாக மேசைமேல் விழுந்தது. சுற்றிலும் ஊர் நின்று பார்த்தது. அவர் முதல் சீட்டைப் பிரித்தார்.

"எமிலியென் பட்டியல்," என்று படித்தார். கடைசியில் அடித்திருந்த பெயரைப் பார்த்தார். "பார்யாக் நீங்கலாக."

குறிப்பவர்கள் குறித்துக்கொண்டார்கள். அடுத்தது. "எமிலியென் பட்டியல், பார்யாக் நீங்கலாக." அடுத்தது முழுப் பட்டியல். அடுத்த ஏழும் நீங்கலாக. சிலர் மெல்லிய கோடு போட்டிருந்தார்கள். சிலர் தாள் கிழிகிற மாதிரி அடித்திருந்தார்கள். எமிலியென் குனிந்து, "நான் படிக்கட்டுமா?" என்றான்.

"வேண்டாம். வரிசை தப்பிடும்."

கடைசிச் சீட்டுவரை அவரே படித்தார். இருபது பேர் ஜெயித்தார்கள். பார்யாக்குக்குப் பாதி ஓட்டுகூட வராததால், மிச்சம் ஒரு இடத்துக்கு அடுத்த ஞாயிறு மறுபடி ஓட்டு. கூட்டம் எதிரே இருந்த மதுக்கடைக்குக் கலைந்தது. ஸெலி மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நகரமன்றத்தைக் கூட்டிப் பெருக்குவதும் அவள் வேலைதான்.

"நீயும் அடிச்சியா ஸெலி?"

"அடிச்சேன்."

"கடிதம் எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு. எல்லாத்தையும் படிச்சேன். நீ முதல்தடவை சொன்னப்பவே எனக்குத் தெரியும் லியோன்ஸ். நீ பொய் சொல்ற ஆள் இல்ல. துரேல் மாத்திப் போட்டான், சபையில வரிசை மாறிடுச்சு. எல்லாம் நிஜம்."

 ஒன்பது வருடத்துக்கு மேலாக அவர் காத்திருந்த சொல் அதுதான்.

"அப்புறம் ஏன்?"

ஸெலி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். "அங்க அத்தனை பேர் சீட்டுப் போட்டு எங்களை மூடினாங்க. அவங்க யாரு, எங்க இருக்காங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது. உன்னை மட்டும்தான் தெரியும். நம்புறேன். நம்பி நான் என்ன செய்ய?"

 அவள் மறுபடி நாற்காலியைத் தூக்கினாள்.

எமிலியென் வாசலில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான். "வாத்தியாரே, அடுத்த ஞாயிறுக்கு வேற பேர் போடலாம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நீங்களா எழுதிக் குடுத்தா நல்லா இருக்கும்."

லியோன்ஸ் உட்கார்ந்து, கரும்பலகையில் எழுதும் அதே சாய்வில்லாத எழுத்தில், விலகிக்கொள்வதாக எழுதினார். எமிலியென் படித்துப் பார்த்தான்.

"காரணம் எழுதலையே."

"உடல்நலம்னு போட்டுக்கோ."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல," என்றார். தாளை வாங்கி அவரே அந்த வார்த்தையை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.