அசிங்கமாகக் காட்டுகிற மொனிட்டர்

அந்தக் கல்யாணக் கார்டில் மாப்பிள்ளை பச்சையாக இருந்தார். மணப்பெண்ணும் பச்சைதான். ஆனால் அவரிடம் கொஞ்சம் மஞ்சள் கலந்திருந்தது, கொழுந்து மாதிரி. மாப்பிள்ளை நன்றாக முற்றிய இலை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

டிசைன் செய்தது நான்.

பண்டாரவளையில் ஓர் அச்சகத்துக்கு நான் வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், பிறந்தநாள் படம் எல்லாம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்து, சீடியில் எழுதித் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். அவன் பண்டாரவளையில் போன் பழுதுபார்க்கும் கடையொன்றில் இருந்தான். போகிற வழியில் சேர்த்துவிடுவான். அச்சகத்து ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அடிக்கும் முன் எப்போதும் அவர்தான் பார்த்துச் சிறு குறைகளைத் திருத்துவார். அந்த வாரம் அவர் ஊருக்குப் போயிருந்தார். மெஷின்காரர் சீடியில் இருந்ததை இருந்தபடியே அடித்து, கட்டி, கல்யாண வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஐயா திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை, அதுதான் பயமே. ஒரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பிள்ளை, இது என்ன? மனுசரோ, தேயிலைக் கண்டோ?"

நான் கார்டைக் கவிழ்த்து வைத்தேன்.

"இந்த முறை என்ரை செலவிலை திருப்பி அடிச்சுக் குடுக்கிறன். அடுத்த வேலையும் இப்பிடி வந்தா நான் வேறை ஆளைப் பாக்க வேண்டி வரும். குறை நினைக்காதையும்."

குறை நினைக்க எனக்கு நேரமில்லை. அந்த அச்சகத்தை விட்டால் எனக்கு வேறு அச்சகம் இல்லை. அச்சகம் இல்லையென்றால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று, பெயர் கொடுத்து, அம்மாவோடு தேயிலை மலைக்குப் போக வேண்டியதுதான். கொழுந்து எடுப்பதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் நான் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவள், இரத்தம் குடிக்கிற அட்டையைக் கண்டால் அலறுகிறவள். ஒரு விடுமுறையில் அம்மாவுக்கு உதவியாகப் போய், ஒரே அட்டைக்காகக் கூடையோடு உருண்டு அடுத்த நிரைக்குப் போனவள். என்னால் மலைக்கும் கேடு, மலையால் எனக்கும் கேடு.

தம்பி வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தான். அந்த மொனிட்டர் தோட்டத்து ஆபீசில் கழித்துப் போட்ட பதினாலு அங்குலம். எழுதுகிற பக்கத்தைத் திறந்து, "இது என்ன கலரு?" என்றான்.

"வெள்ளை."

"சரியாப் பாரு."

ஒரு வெள்ளைக் கடதாசியை எடுத்துத் திரையோடு ஒட்டிப் பிடித்தான். என் 'வெள்ளை' நல்ல ரோஸ் நிறத்தில் இருந்தது.

"பச்ச கலரே விழல அக்கா. மொனிட்டரு செத்துக்கிட்டிருக்கு. நீயும் பச்சையக் கூட்டிக்கிட்டே போயிருக்க."

ஜன்னலுக்கு வெளியே ஹல்துமுல்லை வரைக்கும் பச்சை கொட்டிக் கிடந்தது. என் திரையில் மட்டும் பஞ்சம். இரண்டு வருஷமாக அது கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது, நானும் கொஞ்சங்கொஞ்சமாகப் பழகியிருக்கிறேன்.

அப்படித்தான் நாங்கள் மொனிட்டர் வாங்கக் கிளம்பினோம். பாதி என் பணம், பாதி தம்பி பணம். அவன் சும்மா தரவில்லை. வேலை விட்டு வந்ததும் மொனிட்டர் அவனுடையது, அவன் கார் ரேஸ் விளையாட்டு ஓட்டுவான், நான் குறுக்கே வரக்கூடாது. அதனால் விளையாட்டுக்கும் அது நன்றாக இருக்க வேண்டும். பெரகல சந்தியில் பஸ் ஏறியதிலிருந்து பதுளை வரைக்கும் சண்டை. அவனுக்கு அப்போதுதான் வந்திருந்த தட்டை மொனிட்டர் வேண்டும், புத்தகம் மாதிரி மெல்லிசாக. எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியாது. அவன் சொல்வது வேண்டாம் என்பது மட்டும் தெரியும். அப்புத்தளையில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பண்டாரவளையில் அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

என் பையில் இரண்டு சாமான்கள்: அந்தக் கார்டின் சீடி ஒன்று, அச்சடித்த பச்சை மாப்பிள்ளைக் கார்ட் ஒன்று. கார்டை ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை. கோபத்தில்தான் என்று நினைக்கிறேன். தம்பியிடம் விளையாட்டு சீடி.

பதுளையில் முதல் கடைக்காரர் எங்கள் சீடியைத் தொடவே மாட்டேன் என்றார், வைரஸ் வருமாம். இரண்டாவது கடையில் மொனிட்டர்களைப் பொலித்தீன் கழற்றாமல் அடுக்கியிருந்தார்கள், வாங்கினால்தான் கழற்றுவார்களாம். மூன்றாவது கடை, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் பெரியவருடையது. பெரிய மனசுக்காரர். ஒரு கம்ப்யூட்டரை மேசையில் வைத்து, "எத வேணுமின்னாலும் கொழுவிப் பாருங்க" என்று வயரைத் தம்பி கையில் கொடுத்துவிட்டார். அவர் சம்மதித்த பிறகு பட்ட பாட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை.

முதலில் தட்டை மொனிட்டர். கையிலிருந்ததை வழித்துக் கொடுத்தால் அதை எட்டிப் பிடிக்கலாம். என் சீடியைப் போட்டேன். கடவுளே! மாப்பிள்ளை ஜொலித்தார். மணப்பெண்ணின் கன்னம் ரோஜா. பட்டுச் சேலையில் ஒவ்வொரு இழையும் மின்னியது. நான் கைதட்டிவிட்டேன். என்ன அழகான கார்ட், யார் இதைக் குறை சொன்னது?

"இதுதான்டா," என்றேன். "இதையே வாங்குவோம்."

தம்பிக்கு நம்ப முடியவில்லை. முப்பது மைல் சண்டை ஒரு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. நானா பில் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

பணம் எடுக்கப் பையைத் திறந்தேன். கார்ட் கையில் வந்தது. அதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன், சும்மாதான். திரையில் ராஜகுமாரன். கையில் முற்றிய இலை.

இந்த மொனிட்டரும் பொய்தான் சொல்கிறது! இதில் பார்த்து நான் இன்னும் நூறு கார்ட் செய்வேன், நூறும் பச்சையாகத்தான் வரும். பெரட்டில் நிற்கிற என்னை நானே பார்த்தேன், காலில் அட்டையோடு.

"நானா," என்றேன், "இது வேணாம். இதுல அழகாத் தெரியுது."

"என்ன புள்ள?"

"அசிங்கமாத் தெரியிற மொனிட்டர் இருக்கா?"

நானா பில் புத்தகத்தை மெதுவாக மூடினார். தம்பி தலையில் கைவைத்தான். கார்டைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க. இந்த மனுஷன் இதே மாதிரி பச்சையாத் தெரியணும். இதவிட அழகாத் தெரிஞ்சா எனக்கு வேல போயிரும்."

நானா கார்டை வாங்கி ஒரு தடவை பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"முப்பது வருஷம் யாவாரம் செய்றேன். நல்ல சாமான் கேட்டு வந்தவங்களத்தான் கண்டீக்கிறேன்."

அதற்குப் பிறகு அவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்த மொனிட்டர், அதில் மாப்பிள்ளை கொஞ்சம் நீலம். அடுத்ததில் கறுப்பு. இன்னொரு தட்டையில் நான் குனிந்தால் வெளுப்பு, நிமிர்ந்தால் கறுப்பு. மூன்று பேரும் அதன் முன்னால் உட்கார்ந்து எழும்பி உட்கார்ந்து எழும்பிப் பார்த்தோம். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இடையிடையே தம்பியும் தன் சீடியைப் போட்டான். தட்டை மொனிட்டர்களில் கார் வேகமெடுத்தால் பின்னால் வால் மாதிரி ஒரு நிழல் இழுபட்டது. ஒவ்வொரு வாலுக்கும் அவன் முகம் சுருங்கியது. நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு உள்ளூர ஒரே குதூகலம்.

கடையில் இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது. நானா நெற்றியைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை தன்னுடைய பில் மேசையில் நின்றது. அங்கே ஒரு பத்தொன்பது அங்குலப் பழைய மொனிட்டர், பின்பக்கம் பானை மாதிரி பெருத்தது. அதன் தலையில் ஒரு பூனை படுத்திருந்தது, சூட்டுக்கு.

"அது என்ட சொந்தப் பாவிப்பு," என்றார். "சும்மா பாப்போமே."

பூனையை இறக்கினோம். வயரைக் கொழுவினோம். படம் வந்தது.

பச்சை! முற்றிய இலை! மணப்பெண் கொழுந்து! கார்டைப் பக்கத்தில் வைத்தேன், ஓர் இம்மி வித்தியாசம் இல்லை. அத்தனை அவலட்சணமான கல்யாண ஜோடியைப் பார்த்து யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். நான் துள்ளினேன். நானா, "அல்ஹம்துலில்லாஹ், என்னா அசிங்கம்!" என்றார். தம்பி அவசரமாகத் தன் காரை ஓட்டினான். வால் இல்லை. கார் வழுக்கிக்கொண்டு போனது. அவன் இன்னொரு சுற்று ஓட்டினான். எனக்கு அது போதும்.

நானா தட்டை மொனிட்டர் ஒன்றைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டு, அந்தக் கிழத்தை எங்களுக்குச் சொன்னால் நம்பாத விலைக்குத் தந்தார். பூனை மட்டும் எங்களை மன்னிக்கவில்லை.

அந்தப் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது தனிக் கதை. பஸ்ஸில் தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். எல்லச் சந்தி தாண்டும்போதே காலில் உணர்ச்சி இல்லை என்றான். பெரகலையில் ஒரு த்ரீவீலர் பிடித்தோம். தோட்டத்து ரோட்டில் அது மூன்று பாரத்தையும் இழுக்க மறுத்தது. மொனிட்டர் சீட்டில் உட்கார்ந்து போனது, நானும் தம்பியும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு நடந்தோம். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு மூச்சு நின்றே போயிருந்தது, ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

லயத்தில் எங்கள் வீடான காம்பிராவில் இறக்கி வைத்ததும் அம்மா சூடம் காட்டினார். தடுக்கிறதற்குள் சந்தனம் குழைத்து, குங்குமம் தொட்டு, திரைக் கண்ணாடிக்கு நட்டநடுவில் ஒரு பொட்டும் வைத்துவிட்டார். "அம்மா!" என்று கத்தினேன். பிறகுதான் யோசனை வந்தது. திரையில் குங்கும நிறத்தில் ஒரு வட்டம் போட்டு அம்மாவின் பொட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். இரண்டும் ஒன்று. ஒரு வாரம் அந்தப் பொட்டை நான் அழிக்கவில்லை. தம்பியின் கார் அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது.

அடுத்த வேலை ஒரு கோயில் நோட்டீஸ், உபயகாரர் ஏழு பேரின் படங்களோடு. அச்சடிக்கிற அன்று நானே பண்டாரவளைக்குப் போய் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். ஐயா முதல் தாளை உருவி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறாவது முகத்தில் அவர் நின்றபோது என் உயிர் போய் வந்தது.

"ம்," என்றார். "மனுசர் மாதிரி இருக்கினம்."

அடுத்த வேலைக்கான படங்களையும் கையோடு தந்தார். பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, அந்தச் சந்தோஷத்தில் என் பழைய வேலைகளையெல்லாம் புது மொனிட்டரில் திறந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் படம் பச்சை. இரண்டாவது பச்சை. லயத்தில் யார் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தாலும், யாருக்குச் சடங்கு என்றாலும் நான்தான் பூவும் வளையமும் வைத்துப் படம் செய்து கொடுப்பேன். அத்தனையும் பச்சை, கல்யாணக் கார்டைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அவை எல்லாம் பிரேம் போட்டு வரிசையாக ஒவ்வொரு காம்பிராவிலும் தொங்குகின்றன. அந்த மங்கிய வெளிச்சத்தில் எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. கொடுத்தபோது ஒவ்வொருவரும் வாங்கிப் பார்த்து, "என்னா அழகு" என்றார்கள்.

பக்கத்துக் காம்பிரா அக்காவிடம் ஓடினேன். சுவரில் அவர் மகன் மூன்று வயதில், பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அக்கா முதலில் சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "எல்லாருக்கும் தெரியுமே. ஒங்கம்மாதான் வீடு வீடா வந்து, புள்ளகிட்ட ஒண்ணும் சொல்லிறாதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. இரண்டு வருஷம்! ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் நான் எப்போதோ மொனிட்டரை மாற்றியிருப்பேன், அந்த மாப்பிள்ளையும் மனிதனாகவே கல்யாணம் முடித்திருப்பார். வீட்டுக்குள் போனேன். அம்மா மலையிலிருந்து அப்போதுதான் வந்து, காலில் உப்புத் தடவி அட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா சொல்லல? என் வேலையே போகப் பாத்துச்சு!"

அம்மா நிமிரவில்லை. "சொன்னா நீ மனசு விட்டுப்போயி மலைக்கு வந்துருவ. மழையில நிக்கிறப்ப, எம்மக வீட்டுல கம்ப்யூட்டருக்கு முன்னால ஒக்காந்திருக்கான்னு நெனச்சுக்குவேன். குளுரு தெரியாது. அதப் போயி நானே கெடுத்துக்குவேனா?"

ஒரு அட்டையைக் கிள்ளி அடுப்பில் போட்டார்.

அழுதால் அம்மா பார்த்துவிடுவார். உள்ளே தம்பி வேலை விட்டு வந்து, சட்டைகூட மாற்றாமல் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். நேரே போய் அவனை எழுப்பிவிட்டேன். அது அவன் நேரம்தான், சண்டைக்கு வந்தான். வரட்டும் என்று விட்டேன். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன், காலில் உப்போடு. அம்மா படமொன்று என்னிடம் இருந்தது, பச்சையாக. அதைத் திறந்து, அவர் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, பச்சையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். இரண்டும் ஒன்றாகிற வரைக்கும் அம்மா எழும்பவில்லை.