அரையும் அறையும்

சபைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். அந்த வருஷம் முழுவதும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு வரிதான். அதனால் அதையே முதலில் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் இருந்தேன். அதற்கு முன்னால் கிங்ஸ் சர்க்கிளில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன், அதற்கும் முன்னால் கல்யாணில் மூட்டை தூக்கினேன். எந்த இடத்திலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால், தமிழை விரல் வைத்து எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பட்டறை முதலாளி ராமநாதபுரம் பக்கத்து பாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எங்களை விட்டுவிடுவார். "ஜெபத்த சீக்கிரம் முடிச்சிட்டு வாங்கப்பா, மால் ஏத்தணும்" என்பார்.

அவன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோலுக்குப் பசை தடவுகிறவன். நான்கு வயது இளையவன். செம்பூரில் ஒரு குடிசையில் பிறந்தவன். வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, தெருவில் இந்தி, எழுத்து எதிலும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா வாயேம்ல" என்றேன். வந்தான்.

மூன்று நான்கு மாதத்தில் சபை அவனுடையதாகிவிட்டது. என்னை ஜெபிக்கச் சொன்னால் நாலாவது வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவன் கண்ணை மூடி வாயைத் திறந்தால், பாயில் தூங்கி வழிகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அவனுக்குக் காய்ச்சல் என்று நான் தனியாகப் போன ஒரு நாள், வாசலிலேயே ஓர் அக்கா கேட்டார்.

"தம்பி வரலியா?"

"காய்ச்சல்க்கா."

"அய்யோ, அப்ப இன்னிக்கு ஜெபம் சப்புன்னுல்லா இருக்கும்!"

நான் வந்து நிற்கிறேனே என்று சொல்லத் தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வசன விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தோல் கட்டுகளின் மேல் சாய்ந்துகொண்டு நான் வேதத்தை எழுத்துக்கூட்டுவேன். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை அதே வசனத்தைப் புத்தகமே இல்லாமல் கடகடவென்று சொல்லுவான். "பாத்தீங்களா, வசனம் அந்தப் பிள்ள இருதயத்துல இருக்கு" என்பார்கள். என் கையில் புத்தகம் இருக்கும். இருதயத்துக்கு அது போன வழி என்னுடைய வாய் என்பது ஒருவருக்கும் தெரியாது. அவனும் சொன்னதில்லை. மறைத்தான் என்று சொல்ல முடியாது, சொல்லவேண்டிய விஷயம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒரு நாள் நான் வாசித்தது, கலியாண வீட்டிலிருந்து எஜமான் எப்போது திரும்புவான் என்று தெரியாமல், அரையைக் கட்டி விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருக்கும் வேலைக்காரர்களைப் பற்றிய பகுதி. அரை என்றால் இடுப்பு. வேட்டியை இறுக்கிக்கொண்டு வேலைக்குத் தயாராக நிற்பது. அவன் அதை அறை என்று கேட்டுக்கொண்டான். பார்த்து வாசிக்கிறவனுக்குத்தான் இரண்டும் வேறு எழுத்து. காதால் கேட்டவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்தான்.

"எங்கம்மா எப்பவும் ஒரு மூட்டையக் கட்டியே வச்சிருப்பா. சட்டி, பானை, ரேஷன் கார்டு, எல்லாம் அதுக்குள்ள. குடிசைய இடிக்க வண்டி எப்ப வரும்னு தெரியாதுல்லா? வண்டி வந்து நின்ன பொறவு கரண்டியத் தேட முடியுமா? அதான் ஆண்டவர் சொல்லுதாரு. அறையக் கட்டி வையி, வெளக்கக் கொளுத்தி வையி, நான் வருவேன்னு."

தகரக் கூரை அதிர ஆமென் போட்டார்கள். இரண்டு பெண்கள் அழுதார்கள். அந்த அறைக்குள் இருந்தவர்களில் குடிசை இடிபடாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் எழுந்துவிட்டேன். "அது ரூம் இல்ல. இடுப்பு" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணாச்சிக்கு இடுப்பு மேலதான் கண்ணு" என்றார். அழுதுகொண்டிருந்த பெண்களும் சிரித்துவிட்டார்கள். பாஸ்டர் ஐயா கையை உயர்த்தினார். "அண்ணன் சொல்றது சரி, இடுப்புதான். ஆனா தம்பி சொன்னதுலயும் ஆயத்தம் இருக்கு." அதற்கும் ஆமென் அவனுக்குத்தான் விழுந்தது.

திரும்பும் வழியில், "தப்பாச் சொல்லிட்டனாண்ணே? படிக்கும்போதே சொல்லிருக்கலாம்லா" என்றான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

அந்த மாதத்திலேயே ஞானஸ்நானத்துக்கு ஆள் எடுத்தார்கள். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். ஞானஸ்நானம் எடுக்காதவனுக்குத் திருவிருந்து கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு அப்பத் தட்டு கைமாறி வரும், எனக்கு முன்னால் கொஞ்சம் உயர்ந்து அடுத்தவருக்குப் போகும். ஓட்டலில் மிச்சத்தைத் தின்றவன்தான் நான், அதில் எனக்கு வெட்கம் இல்லை. இந்தத் தட்டு தாண்டிப் போவதுதான் தாங்கவில்லை. ஓரிடத்திலாவது உள்ளே இருக்கவேண்டும் என்று முதன்முதலாக ஆசைப்பட்டேன்.

பாஸ்டர் ஐயா எங்களைப் பாயில் வரிசையாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். குடியை விட்டாயா, விசுவாசிக்கிறாயா. கடைசியில், "இப்ப ஆண்டவர் வந்தா ஆயத்தமா இருக்கியா? யார்மேலயாவது கசப்பு இருக்கா?"

பக்கத்து வீட்டு அண்ணனோடு வருஷக்கணக்காகப் பேசாத ஒருவர், "இல்ல ஐயா" என்றார். அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். என் ஆள், "இல்ல ஐயா" என்றான். அது நிஜம். அவனுக்கு யார் மேலும் எதுவும் கிடையாது. அடுத்தது நான். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இருக்கு ஐயா."

"யார் மேல?"

"இவம்மேலதான்."

"என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல."

"ஒண்ணுமே செய்யலியா?"

"நல்லா ஜெபிக்கான் ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல. பாஸ்டர் ஐயா துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது தீரட்டும். அடுத்த தடவ பாப்போம்."

செம்பூரில் வேறொரு சபையின் ஞானஸ்நானத் தொட்டியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தார்கள். துண்டும் மாற்றுத்துணியும் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். வெள்ளைச் சட்டையோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் அவன் முழுகி எழுந்தபோது பாட்டுச் சத்தம் தெருவரை போனது. ஈரம் சொட்டச் சொட்ட நேராக என்னிடம் வந்தான். தலையைத் துவட்டிவிட்டேன். கொஞ்சம் அழுத்தித்தான் துவட்டினேன்.

"எப்பிடில இருந்துச்சு?"

குரலைத் தாழ்த்தினான். "மூக்குல தண்ணி ஏறிட்டுண்ணே. வேற ஒண்ணும் தெரியல. எல்லாருக்கும் அப்பிடித்தானா?"

"எனக்கு எப்பிடில தெரியும்?"

"யார்ட்டயும் சொல்லிராதீங்க."

இதை அந்த அக்காமார் காதில் போட்டிருந்தால் அவன் பெயர் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. சபை முழுவதும் கேட்டு அழும் அவன் வாயிலிருந்து, எனக்கு மட்டும் என்று வந்த சொல் அது ஒன்றுதான். அதை மற்றவர்களோடு பங்கிட எனக்கு மனமில்லை.

பாஸ்டர் ஐயா இன்னும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, இன்னும் இருக்கா?"

உள்ளே தேடிப் பார்த்தேன். இருந்தது.

"இருக்கு ஐயா."

அவர் திட்டவில்லை. "சரி, அப்ப கையக் குடு. எனக்குக் குளுருது" என்றார். நான் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து அவரை மேலே இழுத்தேன். என் சட்டையும் நனைந்தது.