எஸ்தர் அக்கா அடித்த வரி

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எங்கள் ஆய்வகத்தின் வாட்ஸப் குழுவில் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் தண்ணீர் லாரி அவர் ஸ்கூட்டரை இடித்துவிட்டது. மேலாளர் ஒரு விளக்குப் படம் போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதற்கும் கீழே, அவரேதான், காலை சாம்பிள்களைப் பார்க்க யார் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அவரை அறியாத உங்களுக்காக எழுதுகிறேன்.

"எஸ்தர்தான் நம்ம தரத்தோட அடையாளம்" என்றார் மேலாளர் அந்தக் கூட்டத்தில். எந்தத் தரம்? கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் முதலில் நீண்ட சங்கிலியாக உருவாகிறது. சுரப்பிக்குள்ளேயே வெட்டுப்பட்டு முழு வடிவம் பெற்று ரத்தத்துக்கு வருகிறது. பிறகு அது உடைகிறது. உடைந்த துண்டுகளை வெளியேற்றுவது சிறுநீரகம். அது கெட்டவர்களுக்குத் துண்டுகள் ரத்தத்திலேயே தேங்கும். ஹார்மோனை அளக்க எங்களிடமிருந்த மலிவான பழைய பரிசோதனை கிட் பெரிய துண்டுகளையும் முழு ஹார்மோன் என்றே எண்ணும். புதிய கிட் எண்ணாது. நேரில் வருபவர்களுக்குப் புதியது. டயாலிசிஸ் மையத்திலிருந்து மாதாமாதம் மொத்தமாக வரும் ரத்தத்துக்குப் பழையது, ஸ்டாக் தீரும்வரை. யாருக்குத் தப்பாகக் காட்டுமோ அவர்களுக்கென்றே அதை ஒதுக்கியிருந்தோம்.

ஒருநாள் திருவேற்காட்டு ஷேர் வேன் ஓட்டுநர் ஒருவர் ரிப்போர்ட்டோடு வந்தார். டயாலிசிஸ் செய்துகொள்பவர். ஹார்மோன் அளவு மிக அதிகம் என்று, சுரப்பியை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். "கழுத்துல கத்தி வெக்கணும்னாங்கம்மா. ஊட்ல இன்னும் சொல்லல" என்றார். அக்கா அவரை உட்காரவைத்து மறுபடி ரத்தம் எடுத்தார். புதிய கிட்டில் அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. அக்காவே மருத்துவரை அழைத்துச் சொன்னார். அறுவை சிகிச்சை நின்றது.

யாரைக் கேட்டுப் புதிய கிட்டைப் பிரித்தாய் என்று மேலாளர் கத்தினார். அக்கா நிதானமாகச் சொன்னார்: "அழுகின தக்காளிய சேத்து எடை போடறவன்கூட நம்மளப் பாத்தா மூஞ்ச சுளிப்பான் சார்."

அதன்பின் டயாலிசிஸ் ரிப்போர்ட் ஒவ்வொன்றின் அடியிலும் கணினியில் ஒரு வரி அடிப்பார்: 'இந்த அளவில் ஹார்மோனின் உடைந்த துண்டுகளும் சேர்ந்திருக்கலாம்.' மேலாளர் அழிப்பார். அக்கா மறுபடி அடிப்பார். "அவரு விரலு வலிக்கட்டும்டி, எனக்கு வலிக்காது" என்பார். மற்றவர்கள் 'துண்டு எஸ்தர்' என்று சிரித்தார்கள்.

சிரித்தவர்கள்தான் ஆவடியில் அவர் வீட்டுக்கு மலர்வளையம் கொண்டுபோனார்கள். நடுவில் ஆய்வகத்தின் பெயர், கீழே புக்கிங் தொலைபேசி எண். அக்காவின் பெயர் எங்கும் இல்லை. அவர் அம்மா அதைத் தூக்கிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவைத்தார்.

இந்த வாரம் டயாலிசிஸ் ரத்தம் வந்தது. பழைய கிட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார் மேலாளர். அக்காவின் நக்கல் எனக்கு வராது, தைரியமும் வராது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு வரிதான். ரிப்போர்ட்டின் அடியில் அதை அடித்தேன்.

மேலாளர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, உனக்கும் தொத்திக்கிச்சா?" என்று கேட்டுவிட்டு, குனிந்து அதை அழித்தார்.

அவர் நகரும்வரை காத்திருக்காமல் மறுபடி அடித்தேன்.