அவர் செத்தவர்களோடு பேசிய காலை

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலை. ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் இருந்து நானும் என் வீட்டுக்காரரும் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். அவருக்குக் கணையத்தில் புற்றுநோய். அதோடு சேர்ந்துதான் சீனி வியாதியும் வந்தது. இன்சுலின் ஊசியை நானேதான் போடுவேன். காலமெல்லாம் கொழுந்து பறித்த கை, நடுங்காது. வீட்டில் சீனி டப்பாவையே ஒழித்துக் கட்டியிருந்தேன். என் காவலை மீறி ஒரு இனிப்பு அவர் வாய்க்குப் போக முடியாது.

அன்றைக்கும் ரொட்டி சாப்பிட வைத்து, ஊசி போட்டுத்தான் கூட்டிப் போனேன். வளைவுகளில் பஸ் ஆடிய ஆட்டத்தில் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. வாயைத் துடைத்து, ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்தேன்.

வெளியே ஒரே பனிமூட்டம். தேயிலையும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. பஸ் மேகத்துக்குள் மிதக்கிற மாதிரி இருந்தது. அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"அம்மா, கூடை நெறைஞ்சிருச்சா? இரு, நான் தூக்குறேன்."

அவருடைய அம்மா செத்து எத்தனையோ வருஷம். இவர் பனியைப் பார்த்துச் சிரிக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை, கை ஜில்லென்று இருக்கிறது. சாகப்போகிறவர் செத்தவர்களோடு பேசினால் குறுக்கே பேசக்கூடாது, பேசி முடிக்க விட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் வழக்கம். நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்படியொரு இனிமையான முகத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் அவரிடம் பார்த்ததில்லை.

பின் சீட்டில் ஒரு சிங்களப் பெண், சந்தைக்குக் கித்துள் பாணி, கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய இனிப்புப் பாகு, போத்தல்களில் கொண்டு போகிறவள். எட்டிப் பார்த்து, என்ன வியாதி, ஊசி போட்டதா, சாப்பாடு வயிற்றில் நின்றதா என்று சிங்களத்தில் கேட்டாள். சொன்னேன்.

"சீனி பஹலா, அம்மே" என்றாள். ஊசி போட்டும் சாப்பாடு நிற்காததால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதாம். சொன்ன கையோடு போத்தலைத் திறந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சீனி வியாதிக்காரருக்குப் பாணி கொடுக்கிறாயே, கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டேன்.

"எங்க அம்மாவுக்கும் இப்படி வந்திருக்கு. அப்புறமா என்னை ஏசுங்க. இப்ப கையை விடுங்க" என்றாள் அவள் பாஷையில்.

விட்டேன். பாணியை விரலில் தொட்டு அவர் கன்னத்துக்குள்ளே தடவினாள். அவர் விழுங்கத் தொடங்கிய பிறகு, போத்தல் மூடியில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். பனி விலகி மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அவர் கண்ணும் என் மேல் வந்து நின்றது.

"ஏ புள்ள, வீட்டுல ஒரு சிட்டிகை சீனி தரமாட்ட. இங்க பஸ்சே பாக்கப் பாணி ஊட்டுறியா?"

அந்தப் பெண் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இவருக்குச் சீனி கொஞ்சம் கூடி நின்றாலும் பரவாயில்லை, இறங்க மட்டும் விடக்கூடாது என்றார். இனிமேல் அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்த்த பிறகுதான் ஊசி என்று அளவையும் மாற்றிக் கொடுத்தார்.

தைப்பொங்கலுக்கு அவர் சர்க்கரைப் பொங்கல் கேட்டார். வைத்துக் கொடுத்தேன். சித்திரை பிறக்குமுன்னே போய்விட்டார். அப்போது செத்தவர்கள் யாரோடும் பேசவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

இப்போதும் நோயாளிகள் யாராவது கனவில் பேசுகிற மாதிரிப் பேசினால், நான் மரியாதைக்காக வாய் மூடி உட்கார்ந்திருப்பதில்லை. கையைத் தொட்டுப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.