மைக்குக்கு முன்னால் யோனான்

யோனானுக்கு வயது அறுபத்தேழு. ஃபெயர்ஃபீல்டில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். முப்பது வருடம் சிட்னிக்காரர்களின் குளியலறைகளுக்கு டைல் பதித்தே முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டவர். அசிரிய இனத்தவர், வட ஈராக் மலையில் இன்று ஆளில்லாமல் கிடக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். மன்னார்க் கத்தோலிக்கனான எனக்கு அவரிடம் தனி மரியாதை. யேசு பேசிய அரமேயத்தின் வழிவந்த பேச்சல்லவா அவருடையது! அதில் அவர் பெரும்பாலும் பகடையைத்தான் திட்டுவார் என்பது வேறு விஷயம்.

ஞாயிறு பூசை முடிந்தால் எங்கள் கராஜில் இருவரும் தவ்லி ஆடுவோம். பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம். எங்களுக்குள் பேச்சு உடைந்த ஆங்கிலத்தில். அதை நான் என் தமிழில்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தோற்கத் தொடங்கினால் மட்டும் அவருக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

அந்த ஊர்ப் பேச்சைத் தேடி மெல்பனிலிருந்து ஸ்ருதி வந்தாள். மொழி ஆய்வு செய்யும் சென்னைப் பிள்ளை. அந்தப் பேச்சு தெரிந்தவர்களில் அவளுக்குத் தெரிய மிச்சமிருப்பவர் யோனான் ஒருவர்தானாம். நாலு நாள் அவர் முன்னால் மைக்கை வைத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் என் கதவைத் தட்டினாள்.

"அங்கிள், ஒரு வார்த்தைகூட கிடைக்கல. மைக் ஆன் பண்ணா சர்ச்ல வாசிக்கற மாதிரி சுத்தமா பேசறார். சாயங்காலம் எனக்கு ஃபிளைட், ப்ராஜெக்ட் இதோட முடியுது. இவருக்கப்புறம் இந்தப் பேச்சே இல்ல, அங்கிள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்கள் மட்டும் என்ன திறமோ? வீட்டில் "என்னடாப்பா" என்கிறவன் மைக்கைப் பிடித்தால் "பேரன்பிற்குரிய பெரியோர்களே" என்று தொடங்குகிறான். ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததால் சிரிப்பை விழுங்கினேன்.

யோனானிடம் போய் நேராகவே கேட்டேன். "ஏன் ஐசே, அந்தப் பிள்ளைக்கு உம்மடை ஊர்ப் பேச்சைக் குடுக்க மாட்டீரோ?"

அவர் குசினிப் பக்கம் கண்ணைக் காட்டினார். உள்ளே அவர் மனைவி ஷமிரான் சமையலுக்குச் சோற்றைத் திராட்சை இலையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவள் பாக்தாத்தில வளந்தவள், வின்சன்ட். கலியாணம் முடிச்ச முதல் கிழமை நான் வாயைத் திறக்க, ஆடு மேய்க்கிறவன்ரை பேச்செண்டு சிரிச்சவள். அண்டையிலயிருந்து வீட்டுக்குள்ள நான் அதைப் பேசுறேல்லை."

நாற்பது வருடத்துக்கு முந்திய சிரிப்பு. மனுசன் அதை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இனி நல்ல பிள்ளைக்கு நடந்து சரிவராது என்று தவ்லிப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஸ்ருதியோடு வந்து, மைக் இருந்த அவர் மேசையிலேயே விரித்தேன். "மைக் தன்பாட்டில ஓடட்டும், நாங்கள் ஆடுவம்" என்றேன். சம்மதித்தார். இரண்டாவது ஆட்டத்தில், கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், பகடையில் விழுந்ததைவிட ஒரு கட்டம் கூட நகர்த்தினேன். அவர் கவனிக்கவில்லை. மறுபடியும் நகர்த்தினேன். தோல்வி முற்ற முற்ற அவர் காது சிவந்தது. பிறகு பகடை, நான், என் பரம்பரை என்று எல்லாரையும் ஊர்ப் பேச்சில் வாங்கு வாங்கென்று வாங்கினார். பத்து நிமிடம். ஸ்ருதி அசையவேயில்லை.

அப்போது குசினியிலிருந்து ஷமிரான் ஏதோ சொன்னார். யோனான் பகடையைக் கீழே வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினார்.

ஸ்ருதி என் காதில் சொன்னாள். "அங்கிள், இவங்களும் அதே ஊர்ப் பேச்சு பேசறாங்க. 'அவர் திருட்டு ஆட்டம் ஆடறார், உங்களுக்குக் கண்ணில்லையா'ங்கறாங்க."

என் களவு யேசுவின் மொழியிலா வெளிப்பட வேண்டும்?

ஷமிரான் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். அதன்பின் அவர்கள் பேசியதை ஸ்ருதி சொல்லச் சொல்லத்தான் விளங்கிக்கொண்டேன்.

"உனக்கு இது எப்பிடி வரும்?" என்று யோனான் கேட்டார்.

"நீங்கள் வேலைக்குப் போற நேரமெல்லாம் உங்கடை அம்மாவிட்டைப் பதினெட்டு வருசம் ஏச்சு வாங்கினனான். வராமல் போகுமே?"

"பிறகேன் என்னோடை ஒருநாளும் பேசேல்லை?"

"நீங்கள்தான் விட்டிட்டியள். நான் சிரிச்சதுக்குக் கோவமெண்டு நினைச்சன். கேக்க வெக்கமாயிருந்தது."

யோனான் கதிரையைத் தள்ளி அவருக்கு இடம் கொடுத்தார். ஷமிரான் உட்கார்ந்தார். யோனான் மெதுவாக ஏதோ சொன்னார். ஷமிரான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இப்ப என்ன சொல்லுகினம்?" என்று ஸ்ருதியைக் கேட்டேன்.

"அத நான் சொல்ல மாட்டேன், அங்கிள்" என்றாள்.

நாலு நாளாக அந்தப் பேச்சுக்காகத் தவமிருந்த பிள்ளை, எட்டி மைக்கைத் தானே நிறுத்தினாள்.