குளிக்காமல் கேட்ட கேதம்

கூடலூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முறுக்கிய வெள்ளை மீசை, தினமும் ஆற்றில் ரெண்டு வேளைக் குளியல். கூட இருந்த கப்பல்காரர் யாராவது இறந்துவிட்டதாகப் போன் வந்தால் மட்டும் ரெண்டு மூணு நாள் குளிக்கவே மாட்டார். அவர் வீட்டு அத்தை சோற்றுத் தட்டை வாசலிலேயே வைத்துவிடும்.

"கேதம் கேட்டா தலைக்குக் குளிக்கணும்ல மாமா?" என்றேன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"அது மத்தவுகளுக்கு மாப்ள. கப்பலுக்குள்ள குளிக்கத் தண்ணி ஏது? ஒருத்தன் எந்திரிச்ச படுக்கையில அடுத்தவன் படுக்கணும். இருட்டுல நாத்தத்தை வச்சே ஆளைச் சொல்லிருவோம். அவனை நினைக்கணும்னா இப்பிடித்தான் நினைக்கணும்."

போன மாதம் அவரே போய்ச் சேர்ந்தார். சீயக்காய் தேய்த்து, சந்தன சோப்புப் போட்டு, குடம் குடமாக ஊற்றிக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டார்கள்.

அங்கன காத்திருக்கிறவுக இவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாக?