சொர்ணவல்லி டீச்சரின் பஸ் பாடம்

"மொதல்ல கையி, பெறகுதான் காலு. கம்பியப் பிடிக்காம எவனும் ஏறக் கூடாது, ஆமா" என்று அதட்டி, வகுப்பறைக்குள்ளேயே பிள்ளைகளை பஸ் ஏற்றிக்கொண்டிருந்தார் சொர்ணவல்லி டீச்சர்.

பஸ் என்று அங்கே ஒன்றும் இல்லை. உடைந்த பெஞ்சில் செய்த இரண்டு மரப்படிகளும் ஜன்னல் கம்பியும்தான். படியைச் செய்து கொடுத்தவர் அவருடைய வீட்டுக்காரர், தச்சு வேலை பார்க்கும் ஆசைத்தம்பி. அளவெடுத்தது டீச்சர். காரைக்குடி டவுன் பஸ் வந்து நின்றதும் குனிந்து, தரைக்கும் கீழ்ப்படிக்கும் எவ்வளவு உயரம் என்று சேலைத் தலைப்பால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். டீச்சர் நிமிரவே இல்லை. அளவு தப்பினால் ஒன்றாம் வகுப்பு விஷ்வாவுக்குக் கால் எட்டாது, டிரைவருக்கு அதைப் பற்றி என்ன கவலை?

மானகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பதினொரு பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருந்த தொடக்கப்பள்ளி அது. இந்த வருடத்தோடு மூடுகிறார்கள். பிள்ளைகள் இனி காரைக்குடிக்குப் போகவேண்டும். டீச்சருக்கோ திருப்பத்தூர்ப் பக்கம் மாற்றல் போட்டாயிற்று. இருபத்தாறு வருடம் அந்த டவுன் பஸ்ஸிலேயே வந்துபோனவர், பிள்ளைகளுக்கு அதைப் பழக்கிவிட்டுத்தான் போவது என்று பிடிவாதமாக இருந்தார்.

சனிக்கிழமைகளில் நிஜ பஸ்ஸிலும் ஒத்திகை நடந்தது. வாந்தி எடுக்கிறவனுக்குக் கொடுக்கக் கைப்பையில் நார்த்தங்காய்த் துண்டு. கண்டக்டர் சோணையிடம் ஒவ்வொருவராக நிறுத்தி அறிமுகம் செய்தார் பாருங்கள், பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அத்தனை விவரம் சொல்லமாட்டார்கள். இவன் ஏறினதும் தூங்கிவிடுவான், இவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவாள், இவனுக்குப் பசி வந்தால் அழுகை வரும். சோணை டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஊர்க்காரர்கள் பிளெக்ஸ் வைத்து, சால்வை போர்த்திப் பிரிவு விழா நடத்தலாம் என்று வந்து கேட்டார்கள். "சால்வையப் போத்திக்கிட்டு நா எங்குட்டுப் போகப்போறேன்? புள்ளைக பஸ்ஸுல ஏறிப் போறதப் பாத்தாப் போதும்யா" என்று அனுப்பிவிட்டார்.

அவருடைய கவலையெல்லாம் இரண்டாம் வகுப்பு முத்துமாரிதான். மற்றவர்கள் மளமளவென்று ஏறிவிடுவார்கள். இவள் மட்டும் டீச்சர் முன்னால் ஏறினால்தான் ஏறுவாள். அவள் அப்பா மலையாண்டி, அவரும் டீச்சரிடம் அ, ஆ படித்தவர்தான், கறாராகச் சொல்லிவிட்டார்: டீச்சர் இல்லாமல் ஒரு தடவை போய் வரட்டும், இல்லையென்றால் ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும். ஒரு வருடம் என்று நின்ற பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் வந்து டீச்சர் பார்த்ததில்லை.

பள்ளியின் கடைசி நாள். ஒன்பது மணி பஸ்ஸில் பிள்ளைகள் மட்டும் போகிறார்கள். காரைக்குடியில் புதுப் பள்ளி ஆசிரியை இறக்கிக்கொள்வதாக ஏற்பாடு. பஸ் வந்தது. நான்காம் வகுப்பு தீபலட்சுமி முதலில் ஏற, மற்றவர்கள் வரிசையாக ஏறினார்கள். முத்துமாரி கம்பியில் கை வைத்தவள், டீச்சர் எங்கே என்று திரும்பினாள்.

டீச்சர் அங்கே இல்லை. நிழற்குடையின் சுவருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நின்றார். மலையாண்டியையும் இழுத்து வைத்திருந்தார்.

"டீச்சர்" என்று குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது, இந்தத் தடவை அழுகையோடு.

"அழுகுறா டீச்சர். விடுங்க, நா போறேன்" என்று மலையாண்டி ஓரடி எடுத்து வைத்தார்.

"நில்லுடா. நம்ம மொகத்தப் பாத்தா எறங்கிருவா." டீச்சர் மலையாண்டியின் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் தீபலட்சுமி ஏதோ அதட்டுவது கேட்டது. பிறகு சத்தமே இல்லை. சோணை விசில் ஊதினார், பஸ் புறப்பட்டது.

மலையாண்டி மெல்ல எட்டிப் பார்த்தார். ரோட்டில் யாரும் நிற்கவில்லை.

"ஏறிட்டா டீச்சர்."

டீச்சர் தலையை ஆட்டினார். சட்டையை மட்டும் விடவில்லை.